பங்கீட்டின் வரலாறும் தோட்டத்துப் பிள்ளையும்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "பிள்ளை நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் கோட்டாவில் நமக்கு எங்கே இடம் இருக்கிறது?" என்பார் ஒருவர். மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும். கோட்டா என்ற இந்தச் சொல் நம்முடைய வாழ்வில் எப்படி நுழைந்தது? கல்வியிலும் அரசாங்க வேலையிலும் இடங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை எங்கே தோன்றியது, யாருக்காகத் தோன்றியது? அந்தக் கணக்கில் தோட்டத்துப் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது? இவற்றை இன்று நாம் ஆற அமரச் சிந்திப்போம்.

இக்கதை நம் முன்னோர் பிறந்த மண்ணிலேயே தொடங்குகிறது. ஏறக்குறைய 110 ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப்பு என்னும் நீதிபதிகள் 128 பேர் நிரந்தரப் பதவியில் இருந்தார்கள். அவர்களுள் 93 பேர் பிராமணர்கள். மக்கள் தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். பல தலைமுறைகளாகப் படிப்பு ஒரு வகுப்பாரின் வீட்டிலேயே தங்கிவிட்டதால் ஏற்பட்ட நிலை இது. ஆங்கிலப் படிப்பு வந்தபோது, முன்பே ஏடும் எழுத்தாணியும் பிடித்த வீட்டாரே அதனை முதலில் எட்டிப் பிடித்தார்கள். ஏர் பிடித்த வீட்டாருக்கும் பறை அடித்த வீட்டாருக்கும் அது எட்டவில்லை.

1916-ஆம் ஆண்டில் பிட்டி தியாகராயர், டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேசனார் முதலியோர் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். நீதிக்கட்சி என்று மக்கள் அழைத்தது இதனைத்தான். அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையில், மேலே சொன்ன முன்சீப்புக் கணக்கைப் போன்ற எண்கள் வரிசையாக இடம்பெற்றன. இதனை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அவர்கள் வெறும் குறையைச் சொல்லிக்கொண்டு போகவில்லை. எந்தப் பதவியில் எத்தனை பேர், எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள்.

1920-இல் நடந்த தேர்தலுக்குப் பின் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1921 செப்டம்பர் 16-ஆம் நாள் முதல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. அரசாங்க வேலைகள் எல்லா வகுப்பினர்க்கும் பரவலாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆயினும் அது நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையில் அமைச்சராக இருந்த எஸ். முத்தையா முதலியார் 1927-28-இல் அதற்குத் திட்டமான ஓர் உருவம் கொடுத்தார். பன்னிரண்டு வேலைகள் காலியானால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்துவருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்பது அந்தக் கணக்கு.

பன்னிரண்டில் ஒன்று! வயலில் உழைத்த ஆதிதிராவிட மக்களுக்குக் கிடைத்த பங்கு அது. அதுவும் எளிதில் கிடைத்ததன்று. பிராமணரல்லாதார் என்ற ஒரே பெயரில் எல்லாரையும் சேர்த்து எண்ணியபோது, நிலமும் படிப்பும் உள்ள சாதியினரே முன்னுக்கு வந்தார்கள். தாழ்த்தப்பட்டோரின் தலைவரான எம்.சி. ராஜா, தம் மக்களுக்குரிய பங்கு வந்து சேரவில்லை என்று மனம் வெதும்பி 1923-இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். பங்கீட்டின் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே. பெரிய குழுவுக்கு ஒரு பங்கு கிடைத்தால், அக்குழுவின் கடைசிப் படியில் நிற்பவனுக்கும் அது கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம். சென்னையில் இந்த ஆணைகள் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில்தான் ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கங்காணியின் சொல்லை நம்பி மலாயாவுக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். நிலமற்ற கூலி உழவர்களும் ஆதிதிராவிடர்களும் அவர்களுள் மிகுதி. ஊரில் அவர்களுக்காகப் பன்னிரண்டில் ஒரு கதவு திறக்கும் வேளையில், அவர்கள் கடலைக் கடந்துவிட்டார்கள். ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ் பக்கத்து ரப்பர்க் காடுகளில் அவர்கள் கையில் பால்கத்தி ஏறியது.

இங்கும் ஒரு சட்டம் அவர்களை எண்ணியது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி வைக்க வேண்டும். அங்கே பன்னிரண்டு, இங்கே பத்து. அங்கே எண்ணியது அரசாங்க வேலையைப் பங்கிட; இங்கே எண்ணியது ஓர் அட்டாப்புக் கொட்டகைக்குள் பிள்ளைகளை உட்கார வைக்க. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். தாய் தந்தையர் வேலைக்காட்டுக்குப் போக வேண்டும், குடும்பம் தோட்டத்திலேயே நிலைக்க வேண்டும் என்பதே அப்பள்ளிகள் எழுந்ததற்கு முக்கியக் காரணம். அங்கே படித்த பிள்ளை கிராணியாக வர வேண்டும் என்று கூட யாரும் திட்டமிடவில்லை. இருந்தாலும், அந்தக் கொட்டகைகளில் இருந்துதான் நம் தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூறுக்குச் சற்று அதிகம்.

விடுதலையோடு புதிய அரசியல் அமைப்புச் சட்டமும் வந்தது. அதன் 153-ஆம் விதி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைக் காக்கும் பொறுப்பை மாட்சிமை தங்கிய பேரரசரிடம் ஒப்படைக்கிறது. பிற இனத்தாரின் நியாயமான நலன்களைக் காக்கும் பொறுப்பும் அதே விதியில், அதே வாக்கியத்தில் இருக்கிறது. அந்தப் பொறுப்பை முதன் முதல் ஏற்ற பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான், நம் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்காரர் என்பது நமக்குப் பெருமை. அரசாங்க வேலை, உதவிச் சம்பளம், கல்வி வசதி, தொழில் உரிமங்கள் ஆகியவற்றில் நியாயமான ஓர் அளவை ஒதுக்கி வைக்க இவ்விதி இடம் தருகிறது. சட்டத்தை வரைந்த ரீட் ஆணைக்குழு, 15 ஆண்டுகளுக்குப் பின் இதனை மறு ஆய்வு செய்யலாம் என்று கூறியிருந்தது. இறுதிச் சட்டத்தில் கால வரையறை இடம்பெறவில்லை.

இந்த ஏற்பாட்டின் காரணத்தையும் நேர்மையாக நோக்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் மலாய் விவசாயி நெல் வயலிலும் மீன் படகிலும் சிறு ரப்பர்த் தோட்டத்திலும் ஏழையாகவே இருந்தார். நகரமும் வாணிபமும் அவர் கைக்கு எட்டவில்லை. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கு 49 குடும்பங்கள் வறுமையில் இருந்தன. மலாய்க் கிராமங்களில் அந்த நிலை இன்னும் கடுமை. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதற்கு இரண்டு குறிக்கோள்கள். ஒன்று, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது. மற்றது, இன்ன இனத்தார்க்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது. அதே 1971-இல் 153-ஆம் விதியில் செய்த திருத்தம், உயர்கல்வி நிலையங்களில் இடம் போதாதபோது அவற்றை ஒதுக்கி வைக்கவும் வழி செய்தது. 153-ஆம் விதியையே ஆட்சேபிப்பதைச் சட்டம் தடுக்கிறது. அது நடைமுறையில் எப்படிச் செயல்படுகிறது என்று பேசுவதை அது தடுக்கவில்லை.

நடைமுறையில் நடந்தது என்ன? 1970-களின் இறுதியில், பல்கலைக்கழக இடங்களில் பூமிபுத்ராக்களுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என்ற அளவு பேசி முடிவாயிற்று. அந்த 45-இல் சீனர்க்கு 35, இந்தியர்க்கு 10 என்பது வழக்கமான கணக்கு. இந்தியர்க்குப் பத்து என்றதும் நமக்கு நியாயமான பங்குதானே என்று தோன்றும். ஆனால் எம்.சி. ராஜா கண்ட அதே இடர்ப்பாடு இங்கும் காத்திருந்தது. பட்டணத்து வழக்கறிஞர் மகனும் இந்தியர்; பால்மரம் சீவுபவர் மகளும் இந்தியர். முன்னவர் வீட்டில் ஆங்கில நூல்கள் நிறைந்த அலமாரி இருந்தது. பின்னவர் ஆறாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளியில் தமிழில் படித்து, ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்து, வேற்று மொழியில் எல்லாப் பாடங்களையும் புதிதாகத் தொடங்கினார். விடியுமுன் பஸ்ஸுக்கு நடந்தார். மூன்றாம் படிவத் தேர்வோடு படிப்பை விட்டவர் எத்தனையோ பேர். பத்து விழுக்காட்டுக் கதவு திறந்திருந்தாலும், அதுவரை நடந்து போக இவர்களுக்கு ஒழுங்கான பாதை அமையவில்லை.

பாதையின் தொடக்கத்திலேயே தடுக்கி விழுந்தவர்களும் உண்டு. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்றது அது. பதியாமல் விட்ட பிறப்பு, எடுக்காமல் விட்ட குடியுரிமை, கையில் சிவப்பு அடையாளக் கார்டு என்றிருந்த தோட்டத் தொழிலாளர் பலர் அப்போது நிலை குலைந்தார்கள். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பங்கீடு என்பது குடிமக்களுக்குள் நடப்பது. பத்திரம் இல்லாதவனை எந்தக் கோட்டாவும் எண்ணுவதில்லை.

இங்கே நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினால் சமூக நீதி என்று பாராட்டுகிறோம். இங்கே அதே முறையால் நம் பிள்ளைக்கு இடம் குறைந்தால் அநீதி என்கிறோம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாமா? சென்னையிலும் இந்த வழக்கு எழுந்தது. மருத்துவக் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரிப்பது புதிய அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று செண்பகம் துரைராசன் என்ற அம்மையார் வழக்குத் தொடுத்தார். 1951 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தமிழகத்தில் போராட்டம் எழுந்தது. இரண்டே மாதங்களில், இந்திய அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தமே இதற்காகச் செய்யப்பட்டது. பின்தங்கியோர் முன்னேறத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அது உறுதி செய்தது.

நல்ல மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காத பிள்ளையின் கண்ணீர் எந்த நாட்டிலும் பொய்யன்று. தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலையே காணாத வீட்டின் கண்ணீரும் பொய்யன்று. நம் விடை இதுவாக இருக்கட்டும்: பின்தங்கியவனைத் தூக்கிவிடுவது எங்கும் நியாயம், அவன் யார் என்பதைக் காலந்தோறும் மீண்டும் எண்ணிப் பார்க்காமல் இருப்பது எங்கும் அநியாயம்.

தமிழ்நாடு மீண்டும் மீண்டும் எண்ணியது. 1969-இல் அமைந்த சட்டநாதன் ஆணைக்குழு, பிற்படுத்தப்பட்டோருக்குள்ளும் சில சாதியினரே மிகுதியான இடங்களை அடைவதைச் சுட்டிக் காட்டியது. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்க்குச் சலுகை இல்லை என்று ஆணையிட்டது. பெரும் எதிர்ப்பு எழவே, 1980-இல் அதனைத் திரும்பப் பெற்று, பிற்படுத்தப்பட்டோர் பங்கை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தியது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு அந்த ஐம்பதிலிருந்து 20 தனியாகப் பிரிக்கப்பட்டது. 2009-இல் ஆதிதிராவிடர் பங்கான 18-க்குள் அருந்ததியருக்கு 3 ஒதுக்கப்பட்டது.

இவற்றை எல்லாம் விட நம் கவனத்துக்குரியது 2020-இல் நடந்தது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே இடம் பெறுவதைத் தமிழ்நாடு கண்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்க்கு 7.5 விழுக்காடு மருத்துவ இடங்கள் என்று சட்டம் செய்தது. முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 400 இடங்கள் அப்பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டன. சாதியை எண்ணிய நாடு, இப்போது பள்ளியையும் எண்ணத் தொடங்கியது. பிள்ளை எங்கே படித்தது, என்ன வசதியில் படித்தது என்பதும் ஒரு கணக்கு என்று ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் கணக்குகள் மாறியிருக்கின்றன. 2002 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன வாரிப் பங்குக்குப் பதிலாகத் தகுதி முறை வந்தது. ஆனால் அதற்குச் செல்லும் குறுக்கு வழியான மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்ராக்களுக்கும் பத்து மற்றவர்களுக்கும் என்ற பங்கு உண்டு. இந்திய மாணவர்க்கு 2012-இல் 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன; 2017-இல் மேலும் 700 சேர்க்கப்பட்டது. அதே 2017-இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம், அரசாங்க ஊழியரில் இந்தியர் குறைந்தது 7 விழுக்காடு இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2024-இல், பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெற்றவர் எந்த இனமாயினும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராகிம் அறிவித்தார்.

இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மெட்ரிகுலேஷன் இடங்களிலும் அரசாங்க வேலை இலக்கிலும் எண்ணப்படுவது இனம். பத்து ஏ அறிவிப்பில் எண்ணப்படுவது மதிப்பெண். தோட்டத்துப் பிள்ளை என்று எண்ணும் கணக்கு இவற்றில் எங்கும் இல்லை. நம் மாநிலத்திலேயே பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செண்டாயான் பக்கங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டம் துண்டானபோது குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. முகவரி மாறியது, தோட்டம் என்ற சொல் தாளிலிருந்து மறைந்தது, பின்தங்கிய நிலை மட்டும் கூடவே போனது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜெலுபுவின் தெமுவான் பூர்வகுடிப் பிள்ளையும், பூமிபுத்ரா என்ற பெரிய பெயருக்குள் பின்வரிசையில்தான் நிற்கிறது. கடைசி வரிசையில் நிற்பவர்கள் எல்லா இனத்திலும் உண்டு. அவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர்.

அப்படியானால் நாம் செய்யக் கூடியது என்ன? முதலில் வீட்டில் செய்ய வேண்டியது. பிறந்த பிள்ளையின் பெயரை உரிய காலத்தில் பதிந்து, பிறப்புப் பத்திரத்தை நனையாத இடத்தில் வையுங்கள். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுத்துவிடுங்கள். ஐந்தாம் படிவத்தில் பிள்ளை இருக்கும்போதே மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பாலிடெக்னிக், தொழில் பயிற்சி ஆகியவற்றின் விண்ணப்ப நாள்களைப் பள்ளியில் கேட்டு எழுதி வையுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்ய ஒரு கால அளவு உண்டு. பெருமூச்சோடு அதனைக் கடத்திவிடாதீர்கள். விண்ணப்பம் போடாத பிள்ளைக்குக் கோட்டா இடம் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து செய்ய வேண்டியது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு சிறு குறிப்பேடு தொடங்கலாம். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் ஐந்தாம் படிவம் வரை போனவர் எத்தனை பேர், நடுவில் நின்றவர் எந்தப் படிவத்தில், என்ன காரணத்தால் நின்றார், மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டவர் எத்தனை பேர், இடம் பெற்றவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் எழுதி வந்தால் போதும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒழுங்கும் இருந்தால் நடக்கும். பத்துப் பள்ளிகளின் குறிப்பேடுகளைச் சேர்த்து வைத்தால், நம் பிள்ளைகள் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார்கள் என்பது கண்ணாடி போலத் தெரியும். அந்த எண்களோடு கல்வி இலாகாவின் முன்போ சட்டமன்ற உறுப்பினரின் முன்போ நின்றால், நம் பேச்சு புலம்பலாக இராது, கோரிக்கையாக இருக்கும்.

1916-இல் சென்னையில் நூற்று இருபத்தெட்டில் தொண்ணூற்று மூன்று என்று எண்ணிச் சொன்ன பிறகுதான் கதவு அசைந்தது. தோட்டத்துப் பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்ப்பதற்கு, முதலில் நாமே அவர்களை ஒருவர் விடாமல் எண்ணியாக வேண்டும். வரும் பள்ளித் தவணையிலேயே அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் தொடங்குவோம்.